கைப்பேசிக் காலத்தில் குழந்தைக் காவல்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இவ்விழாவில் இலக்கியம் பேசப் புலவர் பெருமக்கள் வந்திருக்கின்றனர். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தர் பணி பார்க்கும் நமக்கு இம்மேடையில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். செய்யுளுக்குப் பொருள் சொல்ல நாம் வரவில்லை. செயற்குழுவில் எழுந்து, முடிவு காணாமல் நிற்கும் கேள்வி ஒன்றைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் பணித்தார், ஆதலின் வந்தோம்.

அக்கேள்வி இதுதான். பதினெட்டு வயது நிரம்பாத பெண் பிள்ளைகள் கையில் கைப்பேசி இருத்தல் ஆகாது என்று சங்கம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுமென உறுப்பினர் சிலர் எழுதிக் கொடுத்துள்ளனர். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. பெற்ற வயிற்றின் அச்சம் எழுத வைத்தது. அச்சம் நியாயமானதே. அந்த நோய்க்கு இந்த மருந்து பொருந்துமா என்பதைத்தான் நாம் ஆராய்தல் வேண்டும்.

முதலில் நம் தெருவை நினைத்துப் பார்ப்போம். மண்டி மொஹல்லா என்னும் பெயரிலேயே மண்டி இருக்கிறது. மூட்டைகள் வந்து இறங்கும் இடம். முன்பின் அறியாதவர் நாள்தோறும் வந்து போகும் இடம். ஆயினும் நம் குழந்தைகள் இச்சந்துகளில் அச்சமின்றி ஓடியாடி வளர்கின்றனர். எப்படி? புதியவர் ஒருவர் சந்துக்குள் நுழைந்து ஒரு குழந்தையிடம் நாலு வார்த்தை பேசினால், எதிர்க்கடைக்காரர் கன்னடத்தில் ‘யாரு பேக்கு?’ என்பார். திண்ணைப் பாட்டி தமிழில் ‘நீ யாரப்பா?’ என்பார். அடுத்த வீட்டு முஸ்லிம் பெரியவர் உருதுவில் வினவுவார். மூன்று மொழியிலும் விடை கூறாமல் எவரும் நம் பிள்ளைகளை நெருங்க இயலாது.

கைப்பேசியின் உள்ளே அக்கடைக்காரர் இல்லை, அப்பாட்டியும் இல்லை. நாற்பது வயதுடைய ஒருவன் பதினொரு வயதுச் சிறுமியின் பெயரைச் சூட்டிக்கொண்டு வந்து நம் குழந்தையோடு விளையாடலாம், பேசலாம், படம் கேட்கலாம். ‘நீ யாரப்பா?’ என்று கேட்பார் அங்கே ஒருவரும் இல்லை. கேட்கும் ஆள் நம் வீட்டிலிருந்துதான் செல்ல வேண்டும்.

அந்த ஆள் யார்? 2020ஆம் ஆண்டு கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கைப்பேசி வழியே வந்தது. அதுவரை தகப்பனார் சட்டைப் பையில் இருந்த கருவி குழந்தையின் மடிக்கு வந்தது. பள்ளிகள் மீண்டும் திறந்தன. கருவி மட்டும் மடியை விட்டு இறங்கவில்லை. மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் தாய்மார்களுக்குத் தமிழ் படிக்க வரும். பலருக்குக் கன்னடமும் ஆங்கிலமும் படிக்க வாரா. பிள்ளைகளோ அவ்விரண்டையும் பள்ளியில் பயில்கின்றனர். ஆகவே தாயின் கைப்பேசிக்குக் கடவுச்சொல் வைத்துக் கொடுப்பதும் பிள்ளையே, ஓ.டி.பி. எண்ணைப் படித்துச் சொல்வதும் பிள்ளையே. சாவிக்கொத்து குழந்தையின் இடுப்பில் இருக்கிறது. காவல் நம்முடையது என்று நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இன்ஸ்டாகிராம் முதலியவை பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர் தம்மில் சேரலாகாது என்று விதி வைத்துள்ளன. பதின்பருவத்தினர்க்குத் தனிக் கட்டுப்பாடு உடைய கணக்குகளை இன்ஸ்டாகிராம் 2025 முதல் நம் நாட்டிலும் அளிக்கிறது. அறியாதவர் செய்தி அனுப்புவதை அது தடுக்கும். நடுவண் அரசின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. அவற்றுள் முக்கியமானவை நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. இவையெல்லாம் நல்ல வேலிகளே. ஆனால் இவ்வேலிகள் அனைத்தும் வயது என்னும் ஒரே கம்பத்தில் கட்டப்பட்டவை. நம் குடியிருப்பில் குழந்தை பயன்படுத்துவது தகப்பனாரின் கைப்பேசி; அதிலுள்ள கணக்கு தகப்பனார் பெயரில்; அதிலுள்ள வயது நாற்பத்து நான்கு. எட்டு வயதுக் குழந்தை திரையைத் தொடுகையில், தொடுவது நாற்பத்து நான்கு வயது ஆடவர் என்றே யூடியூப் எண்ணுகிறது. அவருக்குக் காட்டுவதையே குழந்தைக்கும் காட்டுகிறது. சட்டம் காவல் நிற்கும் வாசல் ஒன்று. நம் குழந்தை நுழையும் வாசல் வேறு!

இதற்கு வழி கடினமானதன்று. குழந்தைக்கு உண்மையான வயதைக் கொடுத்துத் தனிக் கணக்கு திறந்து, கூகுள் நிறுவனத்தின் ஃபேமிலி லிங்க் என்னும் செயலியால் அதைப் பெற்றோர் கணக்கோடு இணைக்கலாம். எந்தச் செயலியை இறக்கினாலும் நம் இசைவு கேட்கும். இரவு இத்தனை மணிக்கு மேல் கருவி உறங்கட்டும் என்று நாமே நேரம் குறிக்கலாம். இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை. செய்யத் தெரியாதவர்க்குச் செய்து கொடுக்க நம் இளைஞர் பலர் இருக்கின்றனர்.

‘இத்தனை எதற்கு? அடியோடு தடுத்து விட்டால் தீர்ந்தது’ என்பார் உண்டு. தடையின் வரலாற்றையும் சிறிது பார்ப்போம். டிக்டாக் செயலி குழந்தைகளுக்குத் தீங்கு விளைக்கிறதென்று தொடுத்த வழக்கில், 2019 ஏப்ரல் 3ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதன் பதிவிறக்கத்தைத் தடுக்குமாறு ஆணையிட்டது. அதே மாதம் 24ஆம் நாள் அத்தடை நீக்கப்பட்டது. பின்னர் 2020 ஜூன் 29 அன்று, நாட்டின் பாதுகாப்பைக் காரணமாகக் கூறி, நடுவண் அரசு அதனை உள்ளிட்ட 59 செயலிகளை விலக்கியது. அதன் பின் குழந்தைகள் ஆடிப்பாடுவதை விட்டு விட்டனரா? அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமின் ரீல்ஸ் வந்தது. செப்டம்பரில் யூடியூபின் ஷார்ட்ஸ் வந்தது. கூட்டம் கலையாமல் அப்படியே இடம் மாறியது. ஒரு செயலியை மூடுவது வேறு. ஒரு குழந்தையைக் காப்பது வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆஸ்திரேலிய நாடு 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குட்பட்டவர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கலாகாது என்று சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. அதே மாதம் மதுரைக் கிளையும், அத்தகைய சட்டம் இயற்றுவது பற்றி நடுவண் அரசு ஆராயலாம் என்றும், அதுவரை விழிப்புணர்வுப் பணி தீவிரமாக நடைபெற வேண்டும் என்றும் கருத்துரைத்தது. ஆஸ்திரேலியச் சட்டத்தில் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. விதி மீறினால் தண்டம் நிறுவனத்துக்கே. 4 கோடியே 95 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை விதிக்கலாம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. பெண் பிள்ளைக்கு ஒரு நீதி, ஆண் பிள்ளைக்கு ஒரு நீதி என்பதும் அதில் இல்லை.

நம் முன் உள்ள தீர்மானமோ பெண் பிள்ளையை மட்டும் குறிக்கிறது. ஆண் பிள்ளைகளுக்குத் தீங்கு நேராதோ? துப்பாக்கி விளையாட்டுச் செயலிகளில் முகமறியாதவரோடு நள்ளிரவு வரை பேசுவோர் பெரும்பாலும் நம் பையன்கள் அல்லரோ? பதினெட்டு வயதுக்குட்பட்டோரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இல் வந்தது. அது ஆண் பெண் என்று பிரிக்காமல், குழந்தை என்று மட்டுமே சொல்கிறது. சட்டத்துக்குள்ள தெளிவு சங்கத்துக்கு வேண்டாவா?

இனி, சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். நம் குடும்பங்களில் ஒரு பெண் பிள்ளைக்குக் கைப்பேசி வழியே தொல்லை வந்தது தெரிந்தால், முதலில் என்ன செய்கிறோம்? அடிக்கிறோம். அடுத்துக் கைப்பேசியைப் பிடுங்குகிறோம். மூன்றாவதாகப் பள்ளியை நிறுத்துகிறோம். நான்காவதாக ஊரில் மாப்பிள்ளை தேடுகிறோம். தொல்லை கொடுத்தவனோ எங்கோ ஒரு நகரத்தில் அடுத்த குழந்தைக்கு வலை விரித்துக் கொண்டிருக்கிறான். குற்றம் செய்தவன் ஒருவன். தண்டனை அடைபவள் மற்றொருத்தி.

இதை அவன் நன்றாக அறிவான். அவன் முதலில் அன்பாகப் பேசுவான், பாராட்டுவான், ஒரு படம் கேட்பான். படம் கிடைத்தவுடன் குரல் மாறும். ‘இன்னும் படம் அனுப்பு, பணம் அனுப்பு, இல்லையேல் உன் அப்பாவுக்கு அனுப்புவேன்’ என்பான். கவனியுங்கள்: ‘காவல் துறைக்கு அனுப்புவேன்’ என்று அவன் சொல்வதில்லை, ‘உன் அப்பாவுக்கு’ என்றே சொல்கிறான். அவனுடைய வாணிகத்துக்கு முதல் எது? நம்மைக் கண்டால் நம் குழந்தைக்கு உள்ள அச்சமே. அந்த முதலை நாம் எடுத்துவிட்டால் அவன் கடை அன்றே மூடப்படும்.

இருப்புப்பாதையில் பணி செய்வோர் கண்டறிந்த உண்மை ஒன்று உண்டு. தனியே வண்டியேறி வந்து நிலையங்களில் நிற்கும் குழந்தைகளை ரயில்வே பாதுகாப்புப் படை மீட்கிறது. ‘நன்ஹே ஃபரிஷ்தே’, அதாவது சின்னஞ்சிறு தேவதூதர், என்று அப்பணிக்குப் பெயர். வீட்டில் கோபித்து வந்தவரும் அவருள் உண்டு. அடிக்குப் பயந்து வந்தவரும் உண்டு. வீட்டுக்குப் பயந்த குழந்தைக்கு முன்பு வண்டி இருந்தது. இன்று கைப்பேசியும் இருக்கிறது. வீட்டுக்குள் இருந்தபடியே அது வெளியே போய்விடலாம்.

வண்டி விபத்துக்கு உள்ளானால் என்ன செய்ய வேண்டுமென்று இருப்புப்பாதைப் பொது விதிகளில் எழுதியிருக்கிறது. இன்று ரயில் மேலாளர் எனப்படும் கார்டு முதலில் ‘யார் பிழை?’ என்று கேட்பதில்லை. அடுத்த பாதையில் வரும் வண்டி மோதாதபடி, 600 மீட்டர் தொலைவில் ஒன்றும் 1200 மீட்டரில் மூன்றுமாக ஒலிவெடிகளைத் தண்டவாளத்தில் வைப்பதே முதல் வேலை. விசாரணை பின்னர் நடக்கும்; அதற்கு வேறு அதிகாரிகள் உளர். முதலில் காப்பு, பின்பு விசாரணை. நம் வீட்டிலும் இம்முறை வேண்டும். ‘ஏன் படம் அனுப்பினாய்?’ என்பது பின்னர்க் கேட்க வேண்டிய கேள்வி. முதற்சொல் இவ்வாறிருக்கட்டும்: ‘என்னிடம் சொன்னாயே, நல்லது செய்தாய். இனி இது என் பாடு.’

இச்சொல்லைத் தீங்கு நேர்ந்த அன்று சொன்னால் போதாது. இன்றே சொல்லி வைத்தல் வேண்டும். ‘கைப்பேசியில் எது நடந்தாலும், பிழை உன்னுடையதாகவே இருந்தாலும், என்னிடம் சொன்னால் அடிக்க மாட்டேன், பள்ளியை நிறுத்த மாட்டேன்’ என்று தகப்பனார் ஒவ்வொருவரும் வாக்குக் கொடுக்க வேண்டும். கைப்பேசியே கூடாதென்று தடுக்கப்பட்ட பெண், தோழியின் கருவியில் தொல்லைக்கு உள்ளானால் யாரிடம் சொல்வாள்? சொன்னால் கைப்பேசி தொட்டதே முதற் குற்றமாகிவிடுமே! வாயை அடைக்கும் தீர்மானம் மிரட்டுவோனுக்குத் துணை போகும்.

சொன்ன பின் செய்ய வேண்டியவை சில. பணம் அனுப்பலாகாது, மேலும் படம் அனுப்பலாகாது. மிரட்டிய செய்திகளை அழித்துவிடலாகாது; எண், பெயர், நாள் ஆகியவற்றைக் குறித்து வைத்து, அதன் பின் அவனைத் தடை செய்யலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. கட்டணமின்றி, இரவும் பகலும் அழைக்கலாம். பணம் போயிருந்தால் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும். தாமதம் ஆக ஆகப் பணம் கை மாறிக்கொண்டே போகும். உள்துறை அமைச்சகத்தின் தேசிய சைபர்க் குற்ற இணையதளத்தில், குழந்தைகள் பற்றிய ஆபாசப் படங்கள் குறித்துப் பெயரைத் தெரிவிக்காமலே புகார் செய்யலாம். ‘டேக் இட் டவுன்’ என்றொரு கட்டணமில்லாத பணி அமெரிக்காவிலிருந்து 2023 முதல் நடக்கிறது. குழந்தையின் படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டுவதில்லை. படத்தின் கைரேகை போன்ற ஒரு குறியீட்டை நம் கருவியே ஆக்கிக் கொடுக்கும். அதைக் கொண்டு, இதில் பங்கு கொண்ட நிறுவனங்கள் தம் தளங்களில் அப்படம் இருந்தால் நீக்கும். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரை வெளியிடுவது குற்றம் என்று போக்சோ சட்டமே கூறுகிறது. ஆதலின் ‘பேர் கெட்டுவிடும்’ என்று புகாரைத் தவிர்க்க வேண்டுவதில்லை.

ஆடவர்க்கு ஓர் எச்சரிக்கை. ‘எல்லோரும் ஜாக்கிரதையாக இருங்கள்’ என்று எழுதி, குழந்தைக்குத் தீங்கிழைக்கும் படத்தை வாட்ஸ்அப்பில் நாலு பேருக்குத் தள்ளிவிடுவது சேவையன்று, குற்றம். அத்தகைய படங்களைத் தரவிறக்கி வைத்திருந்தவர் மீதான தமிழ்நாட்டு வழக்கொன்றில், 2024 செப்டம்பர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வைத்திருத்தலும் போக்சோ சட்டத்தின் பிடிக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. 2018 மே மாதத்தில் நிகழ்ந்தவற்றையும் மறவாதீர்கள். பிள்ளை பிடிப்பவர் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய பொய்யை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவரை மக்கள் அடித்துக் கொன்றனர். பெங்களூரு சாமராஜப்பேட்டையிலும் பிழைப்புத் தேடி வந்த ஒருவர் அவ்வாறே உயிரிழந்தார். குழந்தை மேல் வைத்த அன்புதான் அங்கும் கையை ஓங்க வைத்தது. ஆராயாத அன்பு ஆபத்தாகும்.

மிகச் சிறிய குழந்தைகளுக்குச் சட்டமும் எண்களும் புரியா. அவர்களுக்கு எளிய பழக்கங்கள் போதும். கைப்பேசி கூடத்தில் மட்டும், படுக்கையில் இல்லை. பார்ப்பது பெரியவர் பக்கத்தில் இருக்கையில் மட்டும். நாமும் பிறந்த நாள் படத்தைப் போடுகையில் பள்ளிச் சீருடையும் பெயர் அட்டையும் தெரியாதபடி போட வேண்டும். குழந்தை எப்பள்ளியில் படிக்கிறது, எத்தெருவில் இருக்கிறது என்று ஊருக்கு நாமே அறிவிக்கலாமோ? மேலும், சில லெவல் கிராசிங்குகளில் கேட் மூடியாயிற்று என்பதை உறுதி செய்ய, கேட்காரரும் நிலைய அதிகாரியும் ‘பிரைவேட் நம்பர்’ ஒன்றைத் தொலைபேசியில் பரிமாறிக் கொள்வர். குரல் பழகிய குரலே ஆயினும் எண் சொல்லாமல் செல்லாது. இன்று செயற்கை நுண்ணறிவால் தகப்பன் குரலைப் போலவே பேச வைக்க முடிகிறது. ஆதலின் ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஒரு மறைசொல் வைத்துக்கொள்ளட்டும். ‘அப்பா அனுப்பினார், வா’ என்று எவர் சொன்னாலும், அழைப்பு எக்குரலில் வந்தாலும், மறைசொல் கேட்டே குழந்தை நகர வேண்டும். ஆறு வயதுக் குழந்தையும் இதை விளையாட்டாகக் கற்றுக்கொள்ளும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு இரண்டு வேண்டுகோள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பெற்றோரின் எண்கள் மட்டும் இருக்கட்டும். குழந்தைகளின் படமும் விவரமும் அதில் உலவ வேண்டா. இரண்டாவது, குழந்தை ஒன்று உங்களிடம் வாய் திறந்தால் பள்ளியின் நற்பெயர் கருதி மூடி மறைக்க வேண்டா. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு குற்றத்தை அறிந்த எவரும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காமை 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. அப்பொறுப்பு சங்கத்தாரையும் சாரும். இங்குச் சமரசம் பேசித் தீர்க்கும் வழக்கம் இவ்விஷயத்துக்கு ஆகாது.

ஆகவே செயற்குழுவிடம் நாம் வேண்டுவது இது. பெண் பிள்ளைகளைப் பற்றிய அத்தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். அதற்கு ஈடாக மூன்று காரியங்களை ஏற்றுக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, சங்கக் கட்டிடத்தில் நம் இளைஞர்கள் அமர்ந்து, வரும் தாய்மார்களின் கைப்பேசியில் குழந்தைக்குத் தனிக் கணக்கு அமைத்துக் கொடுக்கட்டும்; விளக்கம் தமிழில் இருக்கட்டும். 1098, 1930 என்னும் இரு எண்களும் ஒவ்வொரு வீட்டு நாட்காட்டியிலும் எழுதப்படட்டும். மூன்றாவதாக, தொல்லைக்கு உள்ளான காரணத்தால் எந்தப் பெண்ணின் படிப்பும் நம் குடியிருப்பில் நிறுத்தப்படாது என்று தீர்மானம் எழுதுங்கள். அதில் முதற் கையெழுத்து இடுபவர் தகப்பன்மாராக இருக்கட்டும்.

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நம் முன்னோர் இங்குச் சங்கம் வைத்தது, மொழி தெரியாத ஊரில் ஒருவருக்கொருவர் துணையாய் இருக்கவே. நம் குழந்தைகளும் இன்று நமக்குத் தெரியாத ஓர் ஊருக்கு நாள்தோறும் போய் வருகின்றனர். போக வேண்டாமென்று சொல்ல இனி இயலாது. போய் வந்ததைச் சொல்ல அவர்களுக்கு ஒரு வீடு இருந்தால் போதும்.